அண்ணி கல்

ஏழாவது அத்தியாயத்தில் மூன்றே வரிகள்தான் இருந்தன.

அறிக்கையின் மற்ற பத்து அத்தியாயங்களும் தின்று கொழுத்த மாதிரி இருந்தன. காற்றுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, பறவைகளுக்கு ஒன்று. கடலடிச் சேற்றில் வாழும் புழுக்களுக்கு மட்டும் நாற்பத்தாறு பக்கம், வண்ணப் படங்களோடு. அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கிற மனிதர்களுக்கு மூன்று வரி. 'பண்பாட்டுப் பாதிப்பு' என்று தலைப்பு. கடைசி வரி இது: 'முக்கியமான பண்பாட்டு வளம் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.'

அந்த 'இதுவரை'யை அவள் நான்கு முறை அழித்து நான்கு முறை திரும்பப் போட்டிருந்தாள். எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கம்பெனி அந்தக் கடற்கரையில் உல்லாசப் படகுத்துறையும் அதை ஒட்டி ஒரு ஹோட்டலும் கட்டப் போகிறது. பெரிய படகுகள் வந்துபோகக் கடலடியைத் தோண்டி ஒரு வழி வெட்ட வேண்டும். அதனால் கடலுக்கும் ஊருக்கும் என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து சொல்வது அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தின் பொறுப்பு. பதினான்கு வருடமாக அவள் செய்வது அதில் ஏழாவது அத்தியாயம் மட்டும். மனிதர்களிடம் போய்க் கேட்டு, எது போனால் அவர்களுக்கு ஆறாது என்று எழுதுவது. எங்கே போனாலும் நாலு பேராவது வாய் திறப்பார்கள். இந்தக் கரையில் ஐந்து தடவை போயும் ஒருவரும் திறக்கவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். "உங்களுக்கு இங்க முக்கியமானது என்ன?" என்று கேட்டால், "கடல்தான், வேறென்ன" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார்கள். கரையில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பேர் வைத்ததுதான் மிச்சம்.

மேனேஜர் கதவில் சாய்ந்து நின்றார். "என்னம்மா, ஏழாவது எங்கே? பொதுவிசாரணைக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"இருக்கு சார். எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க, அவ்வளவுதான்."

"சொல்லாததை நான் எப்படி அச்சடிக்கிறது?"

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் கட்டை விரித்துவைத்திருந்தவர், அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூணு வரியை மூணு பக்கமாக்கணுமா? என் பசங்ககிட்ட அனுப்பு. பரீட்சையில அதைத்தானே செய்றானுங்க" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எதையோ மறைக்கிறாங்க. கெட்டது இல்லை. கையில எதையோ பொத்திவெச்சுக்கிட்டு நிக்கற மாதிரி."

"பொத்தின கையைப் பிரிக்கணும்னு உனக்கென்ன அவசரம்?"

"பிரிக்கலைன்னா அதுமேல மண்ணு தோண்டுற மெஷின் ஏறும்." சொன்னதும் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் தடயம் கிடைத்தது. கொண்டுவந்தவர் சேற்று டாக்டர். புழுக்களின் நாற்பத்தாறு பக்கத்தை எழுதிய மனிதர் அவர்தான். இரும்புக் கவ்வியைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கிச் சேற்றை அள்ளி வந்து, சல்லடையில் கழுவி, புழுக்களை எண்ணுவார். மாதக்கணக்காக ஊர்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றியிருந்தார்.

"விட்டுப்போன இடத்தைச் சரிபாக்க நேத்து போனேன், ஒரு கூத்து" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "ஒரு இடத்துல கவ்வி மூணு தடவை வெறும் வாயோட மேல வந்துது. சேறே வரலை. நான் 'மாதிரி கிடைக்கவில்லை'ன்னு எழுதிட்டு நகரலாம்னு பாத்தேன். அப்போ படகுக்காரர் போன்ல யார்கிட்டயோ பேசறார். 'அண்ணி கல்லு மேல நிக்கறோம், வந்துடுவோம்'னு. எந்த அண்ணி, எந்தக் கல்லுன்னு கேட்டேன். மனுஷன் வெளிறிப் போயிட்டார். 'அது சும்மா, பேச்சுக்கு'ன்னார்."

வெளியே தண்ணீர் மட்டும்தான் தெரியும் என்று அவள் எழுதி வைத்திருந்த கடலுக்கு உள்ளே பேர் இருக்கிறது. ஒரு பேர் இருந்தால் ஒன்பது பேர் இருக்கும். தெருவுக்குத் தெரு பேர் வைத்த ஊர் மாதிரி.

"டீயைக் குடிச்சுட்டுப் போயேன்" என்றார் சேற்று டாக்டர். அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

படகுக்காரர் கரையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகத்தை இன்ஜினுக்குள் விட்டுக்கொண்டார். அண்ணி கல் என்று அவள் வாயெடுத்ததும், "எங்க அண்ணியைக் கேட்டுக்கங்க" என்று ஐஸ் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அதோடு சரி.

ஐஸ் கொட்டகையில் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா ஐஸ் பாளத்தை அரைக்கும் எந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ஈரம். கரையில் எல்லாருக்கும் அவர் ஐஸ்காரம்மா. படகுக்காரருக்கு மட்டும் அண்ணன் மனைவி. எந்திரம் போட்ட சத்தத்தில் அவள் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணி கல்லுன்னா என்னக்கா?"

ஐஸ்காரம்மா பொத்தானைத் தட்டி எந்திரத்தை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் ஐஸ் உருகிச் சொட்டுவது கேட்டது.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. காதுல விழுந்தது."

"என் கொழுந்தனுக்கு வாயில பூட்டு போடணும்." ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவளை உட்காரச் சொன்னார். "உனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான்மா, பன்னெண்டு வருஷம் முன்னாடி. படிக்கிற பிள்ளை. நல்ல பிள்ளைதான். ஆறு மாசம் எங்ககூடவே கிடந்தான். கடலுக்குள்ள எந்தப் பாறைக்கு என்ன பேரு, எங்கே இருக்கு, எந்த மாசம் எந்த மீனு, எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனான். எங்க அறிவைப் பாராட்டிப் புஸ்தகமாப் போட்டான். அடுத்த பருவம், வெளியூர் இழுவைப் படகு முப்பது வந்து நின்னுச்சு. புஸ்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு. ரெண்டு பாறையை வழிச்சு எடுத்துட்டாங்க. இப்பவும் அங்க ஒரு மீன் கிடையாது. கடலுக்கே போஸ்டர் ஒட்டின மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு எல்லாரும் உக்காந்து முடிவு பண்ணினோம், இனிமே யாருக்கும் சொல்றதில்லைன்னு."

பையில் இருந்த கம்பெனி வரைபடத்தை எடுத்து விரித்தாள். தோண்டப்போகும் வழிக்கு மூன்று கோடுகள் போட்டிருந்தார்கள். முதல் கோட்டைத்தான் கம்பெனி விரும்பியது, அதுதான் குட்டை. "அக்கா, நீங்க எங்கேயும் விரல் வைக்க வேணாம். சும்மா பாருங்க."

ஐஸ்காரம்மா பார்த்தார். அவர் கண் முதல் கோட்டின் நடுவில் வந்து நின்றது. விரலை வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பாறை வந்தா வெடி வெப்பாங்க" என்றாள் அவள் மெதுவாக. "எழுதினா திருடன் வருவான். எழுதலைன்னா வெடி வரும். என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

"அந்த அண்ணி யாருன்னு கேக்கலையே?"

"யாரு?"

"நான்தான்." ஐஸ்காரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "கல்யாணமாகி ரெண்டாம் வருஷம். என் வீட்டுக்காரர் கால் முறிஞ்சு கிடந்தார். கொழுந்தன் அப்போ சின்னப் பையன், ஆனா படகு ஓட்டுவான். அடியில பாறை தட்டுதான்னு பாக்க, நான் ஈயக்குண்டைக் கயித்துல கட்டிக்கிட்டுக் கூடப் போனேன். கரையில அத்தனை பேரும் சிரிச்சாங்க. பதினெட்டு நாள் ஒண்ணுமில்லை. பத்தொன்பதாம் நாள் குண்டு 'டங்'குன்னுது. கை வழியா உடம்பெல்லாம் அந்தச் சத்தம் ஏறிச்சு. சாயங்காலம் படகு தண்ணி மட்டத்துக்கு அமுங்கி வந்து சேர்ந்துது, அவ்வளவு மீனு. கொழுந்தன்தான் கத்தினான், 'அண்ணி கல்லு, அண்ணி கல்லு'ன்னு. அப்படியே நிலைச்சுப் போச்சு."

எழுந்து பொத்தானைத் தட்டினார். எந்திரம் மறுபடி ஓடியது.

அலுவலகத்தில் மேனேஜர் கையைப் பிசைந்தார். "இடம் சொல்லாம வெறும் பேரை மட்டும் எழுதினா அது அறிக்கையா, கவிதையா? கோடு எங்கே விலகணும்னு பொறியாளருக்குத் தெரிய வேணாமா? புள்ளி வேணும்மா, புள்ளி!"

மூன்றாம் நாள் புள்ளி வந்தது. ஐஸ்காரம்மாவே அலுவலகத்துக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுருட்டிய வரைபடத்தை அவள் மேசையில் வைத்தார். நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பேர். ஆறாத்துக்கம், மாமியார் மடி, கடன்காரன், ரெண்டுங்கெட்டான். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது. பத்துப் பதினைந்து புள்ளிகள் சேற்று டாக்டர் கொழுத்த புழுக்களை வண்டி வண்டியாக அள்ளிய இடத்தில் இருந்தன. சேற்றில் ஏது பாறை?

"அக்கா, இதுல எத்தனை நிஜம்?"

"அதைக் கேக்காதே" என்றார் ஐஸ்காரம்மா. "எல்லாரும் உக்காந்து யோசிச்சது. நிஜமும் இருக்கு, பொய்யும் இருக்கு. திருடன் வந்தா நாற்பத்தொரு இடத்துலயும் வலையைப் போட்டுப் பாக்கட்டும். கோட்டை நகத்தறவனுக்கு இது போதாதா?"

புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் கீழே கையெழுத்துப் போடப் போவது அவள். 'எனக்குத் தெரிந்தவரை இவை உண்மை' என்று அச்சடித்த இடத்தில். பதினான்கு வருடத்தில் அவள் பொய் என்று தெரிந்த எதற்கும் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று முழுக்க மேசைக்கும் மாடிப்படிக்கும் அலைந்தாள். கடைசியில் வரைபடத்தை அப்படியே சேர்த்து, அதன் கீழே ஒரு வரி எழுதினாள்: 'இடங்களைப் பாதுகாக்கும் பொருட்டு, குறிக்கப்பட்ட எல்லாப் புள்ளிகளும் உண்மையானவை அல்ல, எவை உண்மை என்று நான் கேட்கவில்லை.' கையெழுத்துப் போட்டாள். மனபாரம் கொஞ்சம் இறங்கியது.

விசாரணை நாளன்று, நகராட்சிக் கூடத்து வாசலில் அச்சான பிரதியை வாங்கிப் புரட்டினாள். அந்த வரி இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது.

மேனேஜரைத் தேடி ஓடினாள். "அந்த வரியை எடுத்தது யாரு சார்?"

"நம்ம காலை நாமே வெட்டிக்கிற வரிம்மா அது" என்றார் அவர், யாரையோ பார்த்துக் கையசைத்துக்கொண்டே. "உன் ஜனங்களுக்கு நல்லதுதானே நடக்கப் போகுது? பேசாம உக்காரு."

கூடத்தில் மின்விசிறிகள் சூடான காற்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன. பின்வரிசை முழுக்கக் கரைக்காரர்கள். முன்வரிசையில் கம்பெனி ஆட்கள். பக்கவாட்டில் யார் யாரோ, வெளியூர் முகங்கள். மேடையில் விசாரணைத் தலைவர், ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும் பெண்மணி, பென்சிலைக் கூர்மையாகச் சீவி வரிசையாக வைத்திருந்தார்.

கம்பெனியின் பொறியாளர் எழுந்தார். சாது மாதிரிதான் பேசினார். "ஏழாவது அத்தியாயத்துல நாற்பத்தொரு பாறை. ஆறாவது அத்தியாயத்துல அதே இடங்கள்ல பதினாலு எடத்துல சேறு, புழுவோட. ஒரே அறிக்கைங்க இது. எது பொய்யின்னு யாராவது சொன்னா நல்லாருக்கும். எங்க அளவீட்டைக் கேட்டா, முதல் கோட்டுல ஒரு பாறையும் இல்லை."

தலைவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏழாவது நீங்கதானே எழுதினது? கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா."

"இந்த நாற்பத்தொண்ணும் உண்மையா?"

மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை, காலால் அவள் காலை இடித்தார். பின்வரிசையில் ஐஸ்காரம்மா இருக்கிறார் என்று தெரியும், திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. ஆமாம் என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் ஆறாவது அத்தியாயம் எதிரே திறந்து கிடக்கிறது. பொய் என்று நிரூபித்தால், நிஜமான புள்ளிகளும் அதோடு சேர்ந்து போகும்.

"இல்லை" என்றாள். "எல்லாம் உண்மையில்லை. எவை உண்மைன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கலை. இதை நான் எழுதியிருந்தேன். அச்சுல அந்த வரி வரலை."

கூடம் இரைந்தது. "ஏமாத்திட்டியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நம்மளைக் காட்டிக் குடுத்துட்டா!" என்று இன்னொன்று. பொறியாளர் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். தலைவர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "அப்படின்னா இந்த அத்தியாயத்தை வெச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாதே, அம்மா."

"ஒண்ணு நிஜம்" என்றது ஒரு குரல்.

ஐஸ்காரம்மா எழுந்து நின்றிருந்தார். அவர் கொழுந்தன் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "அண்ணி, வேணாம். உக்காருங்க."

"விடு. அது என் கல்லு. நான் கண்டுபிடிச்சது. மத்ததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, இதைச் சொல்ல இருக்கு." தலைவரைப் பார்த்தார். "எழுதிக்கங்கம்மா. கரையில இருக்கற தண்ணித் தொட்டி, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாடி முழுசா மறையணும். மறைஞ்ச இடத்துல வடக்கே பாத்தா, மலையோட வெட்டுவாய் ஒரு பல்லு விழுந்த மாதிரித் தெரியும். ரெண்டும் சேர்ந்த எடத்துல குண்டை இறக்குங்க. பதினோரு பாகம் ஆழம். முதல் கோடு அதுமேலதான் போகுது."

பக்கவாட்டில் இருந்த வெளியூர் முகங்களில் இரண்டு பேர் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். அவளும் அதைப் பார்த்தாள், ஐஸ்காரம்மாவும் பார்த்தார்.

"சொல்றதுக்கு என்ன சாட்சி?" என்றார் பொறியாளர்.

அப்போதுதான் சேற்று டாக்டர் நாற்காலி கிறீச்சிட எழுந்தார். அவர் பொதுக் கூட்டத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "மாதிரி எண் இருபத்திமூணு" என்றார் காகிதத்தைப் பார்த்து. "அந்த எடம்தான். மூணு தடவை கவ்வி ஒண்ணுமில்லாம வந்தது. பல்லுல கீறல்கூட விழுந்திருந்தது. 'மாதிரி கிடைக்கவில்லை'ன்னு எழுதினேன். பாறைன்னு எழுதியிருக்கணும். தப்பு என்னுது. உங்க அளவீட்டுக் கோடுகளுக்கு நடுவுல முந்நூறு மீட்டர் இடைவெளி, சார். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு தெருவே இருக்கலாம்."

தலைவர் வெகுநேரம் எழுதினார். பிறகு சொன்னார். ஒன்று, கம்பெனி முழுப் பகுதியையும் நெருக்கமாக மறுபடி அளக்க வேண்டும். அல்லது முதல் இரண்டு கோடுகளையும் விட்டுவிட்டு, சேறு மட்டுமே இருக்கும் மூன்றாவது கோட்டுக்குப் போக வேண்டும். புள்ளி வரைபடம் எந்தப் பிரதியிலும் இனி இருக்கக் கூடாது. மறுபடி அளக்க ஆறு மாதம் ஆகும் என்று பொறியாளர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அந்த ஆறு மாதத்துக்குப் பொறுமை இல்லாததால் கம்பெனி நான்காம் நாளே மூன்றாவது கோட்டை ஒப்புக்கொண்டது. மற்றப் பாறைகள் எங்கே என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவளுடைய கையெழுத்தின் மதிப்புதான் போயிற்று. மேனேஜர் கத்தவில்லை. அடுத்த வேலையின் பட்டியல் வந்தபோது ஏழாவது அத்தியாயத்துக்கு எதிரே வேறொருவர் பேர் இருந்தது, அவளுக்குச் சத்தமும் தூசியும். காலை முழுக்க லாரி ஹாரன்களை அளந்தாள். இருந்தும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. 'ஏமாத்திட்டியே' என்ற அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பொறியாளர் போன் செய்தார். குரலில் தேன். "மேடம், ஒரு சின்ன உதவி. அந்த வரைபடத்துல இருந்த பேரெல்லாம் ரொம்ப நல்லாருந்துது. ஹோட்டல் அறைகளுக்கு வைக்கலாம்னு ஒரு யோசனை. மாமியார் மடி, அண்ணி கல்லு... உங்ககிட்ட பட்டியல் இருக்கும்ல?"

"அது என்னோடது இல்லை" என்று அவள் வைத்துவிட்டாள். வைத்த கையோடு பையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள், விசாரணைக்குப் பிறகு முதல்முறையாக.

வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள். ஒருவர் மட்டும் தலையசைத்தார். கடலில், தூரத்தில், இரும்பு உடம்போடு இழுவைப் படகுகள் ஒரே இடத்தில் குவிந்து நின்றன. அவள் எண்ண ஆரம்பித்தாள்.

"பதினொண்ணு" என்றார் பின்னால் வந்து நின்ற ஐஸ்காரம்மா. "வந்து மூணு வாரமாச்சு. இன்னும் ஒரு மாசம் தாங்கும். அப்புறம் அங்க ஒண்ணும் இருக்காது."

"என்னாலதான்க்கா. நான் ஆமான்னு சொல்லியிருந்தா..."

"ஆமான்னு சொல்லியிருந்தா அந்தாளு அத்தனையையும் பொய்யின்னு ஆக்கியிருப்பான். எனக்குத் தெரியாதா? கூட்டத்துல உக்காந்து நானும்தான் யோசிச்சேன்." கண் கடலை விட்டு நகரவில்லை. "கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். காலையில எழுந்து அந்தப் பக்கம் பாத்தா வயிறு எரியுது. அது உன்மேலயா, அவனுங்க மேலயா, எனக்கே தெரியலை. அதனால உனக்கு ஆறுதல் சொல்லவும் வரலை."

அவள் ஹோட்டல் அறைகளின் கதையைச் சொன்னாள். ஐஸ்காரம்மா கொஞ்சம் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார், இடுப்பில் கைவைத்து, கண்ணில் நீர் வரும் அளவுக்கு. "மாமியார் மடின்னு ஒரு பாறையே கிடையாதே! அது என் கொழுந்தன் விட்ட கதை. வெச்சுக்கட்டும், வெச்சுக்கட்டும். காசு குடுத்து அதுல வந்து தூங்கட்டும்."

லாரி ஒன்று பின்பக்கமாக வந்து கொட்டகை வாசலில் முட்டி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஐஸ்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எந்திரத்தின் பக்கம் போனார். போனவர் திரும்பினார்.

"சும்மா நிக்காதே. அந்தப் பக்கத்தைப் பிடி. கை மரத்துப் போகும், பாத்துக்க."

அவள் பையைக் கவிழ்த்த பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பாளத்தின் மறு முனையைப் பிடித்துத் தள்ளினாள்.